விஎம் ஓடும்போது ஸ்பீக்கர் கரகரப்பது ஏன்? சவுண்ட் கார்டைக் குறை சொல்லும் முன்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். விண்டோஸ் 11 லேப்டாப், 16 ஜிபி ராம். படிப்புக்காக விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸை ஒரு விஎம்மாக, அதாவது விண்டோஸுக்குள் ஓடும் இன்னொரு போலிக் கணினியாக, வைத்திருக்கிறீர்கள், அண்மையில் நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் டாக்கர் டெஸ்க்டாப்பும் போட்டிருக்கிறீர்கள். உபுண்டு ஓடும்போது விண்டோஸில் கேட்கும் பாட்டு, ஆன்லைன் வகுப்பு எல்லாமே 'டப் டப்' என்று உடைகிறது. உபுண்டுக்குள்ளேயே வீடியோ போட்டால் இன்னும் மோசம். விஎம்மை மூடினால் குறைகிறது, ஆனால் முழுதாகப் போவதில்லை. ரியல்டெக் சவுண்ட் டிரைவரை அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தாயிற்று, ஹெட்ஃபோனும் மாற்றியாயிற்று. கடையில் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். எந்த டிரைவர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு: ஹார்டுவேர் போய்விட்டதா, காசு செலவழித்துத்தான் ஆகவேண்டுமா?

அதற்கு முதலில் பதில். கடைக்குக் கொடுக்கும் முன் ஒரு பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, ஹார்டு டிஸ்க்கில் எதையும் நிறுவாமல், நேரடியாக அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பாட்டைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். சத்தம் சுத்தமாக வந்தால் உங்கள் சவுண்ட் சிப், ஜாக், ஸ்பீக்கர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருள்; போர்டைத் தொடவே வேண்டாம். கல்லூரி லேப்களிலும் சில ஒலிப்பதிவு அறைகளிலும் கணினிகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். விஎம் போட்ட பிறகு தொடங்கிய கரகரப்புக்கு சவுண்ட் கார்டு காரணமாக இருந்ததை அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

ஏன் இப்படி என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒலி கணினிக்குள் எண்களாக ஓடுகிறது, வழக்கமாக விநாடிக்கு 48,000 எண்கள். விண்டோஸ் இவற்றை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. சாதாரணமாக 10 மில்லி விநாடிக்கு ஒரு தொகுப்பு, அதாவது 480 எண்கள். சவுண்ட் சிப்பின் பக்கத்தில் ஒரு சின்ன மேல்நிலைத் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: குழாய் எப்போதும் திறந்தே இருக்கிறது, விநாடிக்கு 100 முறை யாராவது வந்து மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். ஒரு முறை தாமதமானால் தொட்டி வறண்டு, அந்த நொடியில் ஒலி அலை திடீரென அறுந்து மறுபடி தொடங்குகிறது. அந்த அறுப்புதான் காதில் 'டப்' என்று விழுகிறது. வீடியோவில் ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் கண் கண்டுகொள்ளாது. கோப்பு நகலெடுப்பது அரை விநாடி நின்றாலும் யாருக்கும் தெரியாது. காது மட்டும் மன்னிப்பதில்லை. ஆக நீங்கள் கேட்பது ஒலியின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை, கணினியில் எங்கோ நடக்கும் தாமதம் ஒலி வழியாக வெளியே தெரிகிறது. ஆடியோ டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் எல்லாக் கரகரப்பும் தாமதம் அல்ல, அதனால் முதலில் காதால் பிரித்துக்கொள்ளுங்கள். வால்யூமை முழுதாக மியூட் செய்தபின்னும் 'உய்ய்ங்' என்ற சன்னமான ஓசை கேட்டு, மவுஸை உருட்டும்போது அது மாறினால், அது மின்சார இரைச்சல். விஎம் பிராசசரைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருப்பதால், போர்டில் மின்னோட்டம் ஏறி இறங்கி அந்த அதிர்வு அனலாக் ஜாக் வரை வருகிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். யூஎஸ்பியில் செருகும் ஒரு சின்ன ஆடியோ அடாப்டரில் ஹெட்ஃபோனை மாட்டிப் பாருங்கள். அதில் போய்விட்டால் விஷயம் முடிந்தது, மென்பொருளில் தேட வேண்டாம். ஹெட்ஃபோனில் எதுவும் இல்லை, லேப்டாப்பின் உடம்பிலிருந்தே கீச்சிடுகிறது என்றால் அது மின்சுருள்களின் அதிர்வு. எரிச்சல்தான், ஆபத்து கிடையாது.

அடுத்தது புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். விஎம் தொடங்கிய உடனே பாட்டு பழைய டெலிபோனில் கேட்பதுபோல ஒடுங்கி, ஸ்டீரியோ போய்விட்டால், விஎம் உங்கள் மைக்கைத் திறந்திருக்கிறது. மைக் திறந்ததும் வழக்கமான புளூடூத் ஹெட்செட் இசை முறையிலிருந்து பேச்சு முறைக்கு மாறிவிடும். அங்கே விநாடிக்கு 8,000 அல்லது 16,000 எண்கள்தான், அதுவும் ஸ்டீரியோ இல்லாமல் மோனோவாக. விர்ச்சுவல்பாக்ஸின் ஆடியோ பக்கத்தில் இன்புட் என்ற டிக்கை எடுத்துவிட்டால் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஹெட்செட்டையே கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. குரல் மெதுவாகி, தடித்து, ரோபோ மாதிரி ஆகிறதென்றால் ஒருபக்கம் 44,100, மறுபக்கம் 48,000 என்று இருக்கலாம். இரண்டுக்கும் 8 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம், சுருதியே மாறிவிடும். விண்டோஸின் சவுண்ட் அமைப்புகளிலும் உபுண்டுவிலும் 48,000 என்றே வைத்துவிடுங்கள்.

உங்கள் விவரிப்பில் 'டப் டப்' என்றிருப்பதால் இவற்றையெல்லாம் தள்ளிவிட்டுத் தாமதத்துக்கே வருகிறேன். விஎம் பிராசசரைத் தின்றுவிடுகிறது, ஆடியோவுக்கு இடம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதிதான் உண்மை. விண்டோஸ் ஒலியைக் கையாளும் இழைகளுக்கு (பிராசசர் வரிசைப்படி எடுத்துச் செய்யும் வேலைகளுக்கு) தனி முன்னுரிமை கொடுத்து வைத்திருக்கிறது. சாதாரண நிரல் எவ்வளவு உழைத்தாலும் அவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த முன்னுரிமையையும் மீறி நடுவில் புகக்கூடியவை டிரைவர்கள். வைஃபை கார்டோ கிராபிக்ஸ் கார்டோ 'எனக்கு வேலை வந்திருக்கிறது' என்று கூப்பிட்டால், அதன் டிரைவர் டிபிசி எனப்படும் ஒரு சிறு வேலையை எல்லா இழைகளுக்கும் மேலே நின்று செய்யும். அது முடியும்வரை பிராசசரின் அந்தக் கோரில், அதாவது தனியாக வேலை செய்யும் அந்தப் பகுதியில், ஆடியோ காத்துக் கிடக்கும். இந்த வேலை 100 மைக்ரோ விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது டிரைவர் எழுதுவோருக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் அறிவுரை. சில டிரைவர்கள் அதைப்போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு எடுத்துக்கொள்கின்றன. டாஸ்க் மேனேஜரில் போய் பிரையாரிட்டியை ஏற்றச் சொல்லும் யோசனை இங்கே செல்லுபடியாகாததும் அதனால்தான். நீங்கள் ஏற்றுவது இழையின் வரிசையை, தடுப்பது அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது.

யார் தடுக்கிறார்கள் என்று பார்க்க லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை விண்டோஸில் ஓடவிடுங்கள், விஎம்முக்குள் அல்ல. விஎம் இல்லாமல் பத்து நிமிடம், விஎம்மோடு பத்து நிமிடம் என்று தனித்தனியாக எடுத்து, டிரைவர்கள் பட்டியலில் மேலே வரும் பெயரை ஒப்பிடுங்கள். ஹைப்பர்-வி என்ற விண்டோஸின் சொந்த விஎம் அமைப்பு இயங்கும் கணினியில் இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் எது எகிறியது என்பதை மட்டும் பாருங்கள். 'என்டிஐஎஸ்' என்று தொடங்கும் பெயர் வந்தால் நெட்வொர்க் பக்கம், 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா, 'ஏசிபிஐ' என்றால் மின் மேலாண்மை, பேட்டரி சம்பந்தப்பட்டது. பக்கத்து டேபில் ஹார்டு பேஜ் ஃபால்ட் எண்ணிக்கை மளமளவென்று ஏறினால் ராம் போதாமல் டிஸ்க்குக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.

என் முதல் சந்தேகம் வைஃபை மேல். விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போது உங்கள் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் மேலும் பிரிட்ஜிங்குக்கான (விஎம் தனிக் கணினிபோல நேரடியாக நெட்வொர்க்கில் சேர்வதற்கான) ஒரு வடிகட்டி டிரைவரை உட்கார வைக்கிறது. விஎம்மின் நெட்வொர்க்கை பிரிட்ஜ் முறையில் வைத்திருந்தால் தரவுப் பொட்டலங்கள் அதன் வழியாகப் போய்வரும். இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம்: முன்பே இறக்கி வைத்த பாட்டைப் போட்டு, விஎம்மை ஓடவிட்டு, வைஃபையை அணையுங்கள். கரகரப்பு சட்டென்று நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். வைஃபை டிரைவரை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள், விஎம்மை நாட் (NAT) முறைக்கு, அதாவது விண்டோஸின் இணைப்பையே பகிர்ந்துகொள்ளும் முறைக்கு, மாற்றுங்கள், அடாப்டரின் பண்புகளுக்குள் போய் விர்ச்சுவல்பாக்ஸ் பிரிட்ஜ்டு நெட்வொர்க்கிங் என்ற வரியின் டிக்கை எடுங்கள். நாட் முறையில் அது தேவையே இல்லை.

விஎம்முக்கு எத்தனை கோர் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. இருப்பதையெல்லாம் கொடுத்தால் வேகமாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் அது எல்லோரையும் மெதுவாக்கும். உண்மையான கோர்களில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், ராமிலும் அப்படியே. பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிப் பாருங்கள்: பிராசசர் ஆழ்ந்து தூங்கி எழுவதே சில லேப்டாப்களில் தாமதத்துக்குக் காரணம்.

இப்போது, விஎம்மை மூடியபிறகும் மிச்சமிருக்கும் கரகரப்பு. கேள்வியிலேயே எனக்குச் சுவாரசியமான பகுதி இதுதான், கடைக்காரரை போர்டு பக்கம் திருப்பியதும் இதுவாகத்தான் இருக்கும். நீங்கள் மூடியது ஒரு விஎம்மை, இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்கர் டெஸ்க்டாப் வழக்கமாக, விண்டோஸிலேயே லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் 2 என்ற அமைப்பின் மேல் நிற்கிறது, அது தன் பங்குக்கு ஒரு லினக்ஸ் விஎம்மைப் பின்னணியில் வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் 'விஎம்மெம்' என்று தொடங்கும் ஒரு பெயரைப் பாருங்கள், அதுதான். நீங்கள் கட்டுப்பாடு வைக்காவிட்டால் அது ராமில் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம். 16 ஜிபியில் அதற்கு 8, உபுண்டுவுக்கு ஒரு 4 அல்லது 6, பிரவுசருக்கு மீதி என்று கணக்குப் போட்டால் விண்டோஸுக்கு என்ன மிஞ்சும்?

இதற்கும் அடியில் இன்னொரு மாற்றம் நடந்திருக்கிறது. டபிள்யூஎஸ்எல் 2 வேலை செய்ய ஹைப்பர்-வியின் ஹைப்பர்வைசர், அதாவது விஎம்களை நடத்தும் அடித்தள மென்பொருள், தேவை. அது இயக்கப்பட்டால் கணினி தொடங்கும்போதே முதலில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும், விண்டோஸ் அதன் மேல்தான் இயங்கும். அதாவது உங்கள் விண்டோஸே இப்போது ஒரு விஎம். கார்டுகளை நேரடியாகத் தொடும் உரிமை உள்ள தலைமை விஎம்தான், ஆனாலும் விஎம். எந்தச் சாளரத்தை மூடினாலும் அந்த அடித்தளம் போவதில்லை. விர்ச்சுவல்பாக்ஸுக்கும் இது தொல்லை: பிராசசரின் மெய்நிகராக்க வசதியை ஹைப்பர்-வி பிடித்து வைத்திருப்பதால், 6.0 பதிப்பிலிருந்து அது ஹைப்பர்-வியிடம் கேட்டு வாங்கி ஓடுகிறது, வேகம் குறையும். விஎம் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இதுதான் நிலைமை. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தின் அடியில் ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்ற வரி இருந்தாலும் அதே பொருள்.

இங்கே உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்லவேண்டும். ஹைப்பர்-வி இருந்தால் விண்டோஸ் அதன் மேல் ஓடுகிறது என்பது உறுதி. விர்ச்சுவல்பாக்ஸ் அப்போது மெதுவாகும் என்பதும் உறுதி. ஆனால் ஹைப்பர்-வி இருந்தாலே ஒலி உடையும் என்பது தவறு. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் பெரும்பாலானவற்றில் பாதுகாப்புக்காக அது தொடக்கத்திலிருந்தே இயங்குகிறது, பெரும்பாலோருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ஒரு டிரைவரை அது கொஞ்சம் தள்ளிவிடுகிறது என்பது என் அனுபவ ஊகம். உங்கள் கணினியில் அப்படித்தானா என்பதை அணைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அணைக்க, 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்ற பெட்டியில் ஹைப்பர்-வி, வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றின் டிக்கையும் எடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷனுக்குள் மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆமை போயிருக்க வேண்டும், டாக்கர் இயங்காது. மெமரி இன்டெக்ரிட்டி தீய டிரைவர்களைத் தடுக்கும் நல்ல பாதுகாப்பு. அதனால் இதை ஒரு மாலை நேரச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒலியில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் எல்லாவற்றையும் அன்றே திரும்ப இயக்கிவிடுங்கள்.

மாற்றம் இருந்தால்? இரண்டையும் ஒரே கணினியில் கட்டி மேய்க்காதீர்கள் என்பேன். உபுண்டு டெஸ்க்டாப்பே வேண்டுமென்றால் ஹைப்பர்-வியை அணைத்தே வைத்து, டாக்கரை அந்த உபுண்டுக்குள் நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸில் டாக்கருக்கு டெஸ்க்டாப் பதிப்பு தேவையில்லை, லேசாகவும் ஓடும். டெர்மினல் மட்டும் போதுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு டபிள்யூஎஸ்எல் 2-இலேயே படியுங்கள், அதற்கு ராம் வரம்பும் வைத்துவிடுங்கள். பாடத்திட்டம் விர்ச்சுவல்பாக்ஸைக் கட்டாயமாக்கவில்லை என்றால் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன், மெமரி இன்டெக்ரிட்டியையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

உபுண்டுக்குள் கேட்கும் உடைசலுக்கு மேலே சொன்ன எல்லாமும் பொருந்தும், கூடவே ஒரு காரணம் சேர்கிறது. உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டு உண்மையான பொருள் அல்ல. விர்ச்சுவல்பாக்ஸ் நடித்துக் காட்டும் இன்டெல் எச்டி ஆடியோவோ பழைய ஏசி97-ஓ. உபுண்டு 22.04-இல் ஒலியைப் பார்த்துக்கொள்வது பல்ஸ்ஆடியோ. அது தொட்டி எப்போது காலியாகும் என்று கடிகாரத்தை வைத்துக் கணித்து, கடைசி நேரத்தில் நிரப்பும் பழக்கம் உடையது. விஎம்முக்குள் கடிகாரமே தடுமாறுவதால் கணிப்பு பிசகுகிறது. பல்ஸ்ஆடியோவின் டிஃபால்ட் அமைப்புக் கோப்பில் 'யூடெவ் டிடெக்ட்' மாட்யூலை ஏற்றும் வரியின் கடைசியில், டி-எஸ்-சி-எச்-இ-டி என்ற ஆறு எழுத்துகளைச் சேர்த்து எழுதி அதற்கு 0 என்று மதிப்புக் கொடுத்தால் கணிப்பை விட்டுவிடும். 22.10 முதல் வந்த உபுண்டுகளில் அதன் இடத்தில் பைப்வயர் இருக்கிறது. தான் விஎம்முக்குள் இருப்பதை அது தானே கண்டுபிடித்துத் தொகுப்பை 1,024 எண்களுக்குக் குறையாமல், அதாவது சுமார் 21 மில்லி விநாடியாக, வைத்துக்கொள்ளும். அமைப்புக் கோப்புகளோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதிய பதிப்புக்கு மாறுவது சுலபம்.

இதையெல்லாம் செய்த பிறகும் சில நிமிடங்களுக்கு ஒரு 'டிக்' மிஞ்சினால் அதோடு சண்டை போடாதீர்கள். விஎம்மின் கடிகாரமும் சவுண்ட் சிப்பின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலே விநாடிக்கு 2.4 எண்கள் கூடும் அல்லது குறையும். 480 எண்கள் கொண்ட இருப்பு 200 விநாடியில், மூன்று நிமிடம் சொச்சத்தில், தீர்ந்துவிடும். நல்ல மென்பொருள் இதைப் பூசி மெழுகும், அடியோடு நீக்காது. ஹைப்பர்-வி போலி சவுண்ட் கார்டே தராமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒலியைக் கொண்டுவருகிறது. அதுவும் ஒரு வழிதான், கொஞ்சம் தாமதத்தோடு. என் யோசனை இதைவிட எளியது: விர்ச்சுவல்பாக்ஸில் ஆடியோவையே அணைத்துவிட்டு, வீடியோவை விண்டோஸில் பாருங்கள். யூஎஸ்பி மைக்கை விஎம்முக்குள் கொடுத்துக் குரல் பதிவு செய்யலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த வழியில் ஒலி நேரம் தவறாமல் வரவேண்டிய இடத்தில் இன்னொரு நடிப்பு அடுக்கு வந்து உட்காருகிறது. பதிவை விண்டோஸில் செய்து கோப்பை உள்ளே அனுப்புங்கள்.

லேப்டாப் மாடல், பிராசசர் இரண்டையும் நீங்கள் எழுதாததால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்டெல் 12-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் அதில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகை இருக்கலாம். விஎம் சாளரத்தைச் சிறிதாக்கியதும் உபுண்டுவின் ஒலி மட்டும் உடைந்தால், விண்டோஸ் அதைச் சின்ன கோர்களுக்குத் தள்ளிவிட்டது என்று சந்தேகிக்கலாம். லேட்டன்சிமானில் மேலே வரும் மூன்று டிரைவர் பெயர்களையும், ஆமை தெரிகிறதா என்பதையும், வைஃபை அணைத்தபோது என்ன ஆனது என்பதையும் எழுதினால் மேலே பேசலாம்.

பென்டிரைவ் சோதனையிலும் அதே 'டப் டப்' வந்தால் என் கணிப்பு தவறு, அப்போது கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. முதலில் தயாரிப்பாளரின் தளத்தில் பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் உதவாவிட்டால்கூட போர்டு வேண்டாம், சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.